இஷாப்பூர் 2ஏ1: 640 டாலருக்கு ஒரு 1967ஆம் ஆண்டு ரைபிள்

பிரிட்டிஷ் இராணுவம் நெடுங்காலம் பயன்படுத்திய லீ-என்ஃபீல்டு ரைபிள் குடும்பத்தின் கடைக்குட்டி என்று சொல்லத்தக்க இஷாப்பூர் 2ஏ1 ரைபிள் ஒன்றைச் சென்ற ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த ஒரு துப்பாக்கிச் சந்தையில், உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரிடம் 640 டாலருக்கு வாங்கினேன். ஓராண்டு வைத்திருந்து, பிரித்துச் சுத்தம் செய்து, ஒருமுறை பழுது பார்த்து, இருநூறு தோட்டாக்களுக்கு மேல் சுட்ட பின்னர் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். 2004ஆம் ஆண்டில் இதே வகை ரைபிள் ஒன்றை என் நண்பர் ஒருவர் 129 டாலருக்கு வாங்கினார் என்பதையும், அன்று நானும் அவருடன் கடையில் நின்றிருந்தும் வாங்காமல் திரும்பினேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மதிப்புரை ரைபிளைப் பற்றியது மட்டுமல்ல, அதன் விலையைப் பற்றியதும் ஆகும்.

எனக்கு இந்த ரைபிளின் மீது பற்று வந்ததற்குக் காரணம் திருச்சியில் கல்லூரியில் படித்த நாட்கள். என்.சி.சி. அணிவகுப்பில் எங்கள் தோளில் ஏற்றப்பட்டவை சுட முடியாதபடி செய்யப்பட்ட .303 (0.303 அங்குலக் குழல் அளவு) லீ-என்ஃபீல்டு ரைபிள்கள். ‘சாவ்தான்’ என்ற கட்டளைக்கு விறைத்து நின்று, ‘கந்தே ஷஸ்த்ர’ என்றதும் அந்த நான்கு கிலோ மரத்தையும் இரும்பையும் தோளுக்குத் தூக்கியவர்களுக்கு, அதன் மூக்குப் பகுதியின் மழுங்கிய வடிவமும் பின்கட்டையின் வளைவும் கண்ணை மூடினாலும் கைக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு கண்டத்தில், ஒரு மேசையின் மீது அதே வடிவத்தைப் பார்த்தபோது, அதன் கழுத்துப் பட்டையில் (பின்கட்டை உடலோடு சேரும் இடத்து உலோகப் பட்டை) அசோகச் சிங்கமும் ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற எழுத்துகளும் 1967 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்ததைக் கண்டு, வியாபாரி சொன்ன விலையில் அதிகம் பேரம் பேசவும் எனக்கு மனம் வரவில்லை. அது பிழை என்பது பின்னர் தெரிந்தது.

ஆர்.எஃப்.ஐ. என்பது மேற்கு வங்கத்தில், கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் 1904இல் நிறுவப்பட்ட இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையைக் குறிக்கும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அங்கே .303 லீ-என்ஃபீல்டு ரைபிள்கள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டன. அப்போது பொறிக்கப்பட்ட கிரீடம், குடியரசுக்குப் பின் அசோகச் சிங்கமாக மாறியது. 1962ஆம் ஆண்டு சீனப் போரில் நம் காலாட்படையினர் பெரும்பாலும் போல்ட்டை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் .303 ரைபிள்களுடனேயே மலையேற நேர்ந்தது. அதன் பின் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். ரைபிளுக்கு இராணுவம் மாறத் தொடங்கியது. ஆனால் அவை போதுமான எண்ணிக்கையில் வந்து சேரும் வரை, அதே 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவைச் சுடக்கூடிய, தொழிலாளர்கள் ஏற்கெனவே செய்யப் பழகிய ஒரு ரைபிள் தேவைப்பட்டது. 1907இல் வடிவம் பெற்ற பழைய மூன்றாம் மார்க் ரைபிளின் உடலை வலுவான எஃகில் புதிதாகச் செய்து, புதிய தோட்டாவுக்கு ஏற்பத் தோட்டா உட்காரும் அறையையும், தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினையும் மாற்றி உருவாக்கியதே 2ஏ. குறிபார்க்கும் தகட்டில் 2000 வரை இருந்த தொலைவு அளவு 800 ஆகக் குறைக்கப்பட்டபோது அது 2ஏ1 ஆயிற்று. சாதாரணப் படைவீரருக்கென உலகில் கடைசியாக வடிவமைக்கப்பட்ட போல்ட் ரைபிள்களில் இதுவும் ஒன்று.

பழைய .303 ரைபிளின் குழலை மாற்றிப் பொருத்தி இதைச் செய்தார்கள் என்று இன்றும் சந்தைகளில் சில வியாபாரிகள் சொல்வதுண்டு. அது தவறு. 2ஏ1 முழுவதும் புதிதாகச் செய்யப்பட்ட ரைபிள். அதன் மேகசின் பழையதைப் போலச் சரிந்திராமல் பெட்டி போலச் சதுரமாக, 12 தோட்டாக்கள் கொள்ளும்படி இருப்பதை முதல் பார்வையிலேயே காணலாம். முன்கட்டையின் குறுக்கே செல்லும் வலுவூட்டும் திருகாணி இஷாப்பூரின் தனி அடையாளம். இந்த இரண்டும் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

இனி சுடும் அனுபவத்துக்கு வருகிறேன். லீ-என்ஃபீல்டு போல்ட்டின் புகழ் வெறும் பழம்பெருமை அல்ல. சுடும்போது போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் புடைப்புகளான பூட்டும் காதுகள் பின்புறத்தில் இருப்பதாலும், போல்ட்டைத் திறக்கும்போதன்றி மூடும்போதே சுத்தியல் ஊசி இறுகுவதாலும், கைப்பிடி அறுபது பாகை அளவே திரும்புவதாலும், கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்ற முடிகிறது. ஜெர்மானிய மௌசர் ஒன்றும் என்னிடம் உண்டு. துல்லியத்தில் அது மேல், வேகத்தில் இதற்கு ஈடில்லை. .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு என்பதால் மேகசினில் அடுக்கும்போது ஒன்றன் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும் தொல்லை இருந்தது, 7.62 தோட்டாவுக்கு அந்த விளிம்பு இல்லாததால் 2ஏ1இல் அந்தத் தொல்லை முற்றிலும் நீங்கியிருக்கிறது. உதைப்பு கடுமையானது; பின்கட்டையின் அடியில் இருப்பது இரப்பர் அல்ல, உலோகத் தகடு. நாற்பது தோட்டாக்களுக்கு மேல் ஒரே நாளில் சுட நான் விரும்புவதில்லை. நூறு கெஜத்தில், பழுது பார்த்த பின், ஐந்து தோட்டாக்கள் மூன்று அங்குல வட்டத்துக்குள் விழுகின்றன. இந்த வயது இராணுவ ரைபிளுக்கு அது நல்ல துல்லியமே.

பழுது பார்த்த பின் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் 640 டாலர் கொடுக்கப் போகிறவருக்கு இதுவே முக்கியம். வாங்கி வந்து முதல் முறை சுட்டபோது குறி எங்கெங்கோ சிதறியது. எட்டு அங்குலத்துக்குள் ஐந்தைச் சேர்க்க முடியவில்லை. முன்கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். பின்முனையில், கட்டை உலோக உடலோடு முட்டி நிற்க வேண்டிய இரண்டு இடங்களிலும் மரம் பிளந்திருந்தது. பிளவின் மீது பழுப்பு நிற மெழுகைத் தேய்த்து மறைத்திருந்தார்கள். இந்த வகை ரைபிளில் பின்கட்டையை முன்கட்டைக்கு முன்னதாகக் கழற்றவே கூடாது. பின்கட்டையின் உள்ளே ஓடும் நீண்ட போல்ட்டின் சதுர முனை, முன்கட்டையில் பதிந்திருக்கும் சிறு தகட்டுக்குள் நுழைந்து நிற்கும். முன்கட்டை இருக்கும்போதே அந்தப் போல்ட்டைத் திருப்பினால் சதுர முனை மரத்தை இரண்டாகப் பிளந்துவிடும். அறியாமல் யாரோ அதைச் செய்திருக்கிறார்கள். அறியாமல் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அறிந்து மெழுகு பூசி விற்றதை மன்னிக்க மனம் வரவில்லை. வியாபாரியிடம் கேட்டபோது, பழைய பொருளைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

பிளவை எபாக்சி பசை ஊற்றி, மெல்லிய பித்தளை ஊசி இறக்கி நானே சரிசெய்தேன்; இரண்டு வார இறுதிகள் போயின. மரத்தைச் சுரண்டாமல், மணல்தாள் படாமல், பின்கட்டையில் எப்போதோ எந்தப் படைக்கூடத்திலோ வெள்ளை வண்ணத்தில் எழுதிய எண் அழியாமல் பார்த்துக்கொண்டேன். அந்த எண்ணை அழித்துப் பளபளப்பாக்கியிருந்தால் ரைபிள் அழகாகத் தோன்றும், ஆனால் அதன் மதிப்பில் பாதி போய்விடும். சேகரிப்பாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் இந்த எச்சரிக்கையைப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரு ரைபிளைக் கெடுத்த பிறகே நம்புகிறார்கள்.

விலை ஏன் இப்படி ஏறியது என்ற கேள்விக்கு, சரக்கு தீர்ந்தது என்ற ஒரே பதிலைப் பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டு இராணுவங்களின் உபரித் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதை நிறுத்தியது. 1984இல் சேகரிப்புக்கு உரிய பழம்பொருள் வகைக்கு மட்டும் கதவு திறந்தது. அதன் பிறகே உலகெங்கும் கிடங்குகளில் கிடந்த ரைபிள்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. ரஷ்ய மோசின்-நாகாந்த் ரைபிள்கள் இருபது இருபதாகப் பெட்டியில் அடுக்கி, கெட்டியான கிரீஸ் பூசி வந்தன. 2010ஆம் ஆண்டு வாக்கில் நூறு டாலருக்குக் குறைவாகவே அவற்றை வாங்க முடிந்தது. இன்று அதே ரைபிளுக்கு நானூறு டாலர் கேட்கிறார்கள். அமெரிக்க இராணுவத்தின் எம்1 காரண்டும் இதே வழியில் போகிறது. அயல்நாடுகளுக்குக் கொடுத்த அமெரிக்க ரைபிள்களைத் தனியார் திரும்ப இறக்குமதி செய்வதற்கு 2013இல் அரசு தடை விதித்தது அதற்கு ஒரு காரணம்.

2ஏ1 விஷயத்தில் இன்னொரு காரணம் உண்டு, அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. மலிவாகக் கிடைத்த காலத்தில் இந்த ரைபிளை யாரும் பழம்பொருளாக மதிக்கவில்லை. நூற்றுப் பத்து டாலருக்குக் கிடைத்த ரைபிளின் குழலை வெட்டிக் குறுக்கி, கட்டையைச் செதுக்கி, மான் வேட்டைக்கு ஏற்றதாக மாற்றினார்கள். இறக்குமதி செய்தவர்களே மொத்தமாகக் குறுக்கி, இல்லாத ஒரு இராணுவப் பெயரைச் சூட்டி விற்றதும் உண்டு. இப்படி வெட்டப்பட்ட 2ஏ1 ஒன்று இன்றும் சந்தையில் முந்நூறு டாலரைத் தாண்டுவதில்லை. வெட்டப்படாமல், எண்கள் பொருந்தி, கட்டை முழுதாக இருப்பது அறுநூறிலிருந்து எழுநூறு வரை போகிறது. இடைப்பட்ட தொகை முழுவதும், அந்த ரைபிளை முன்னால் வைத்திருந்தவர்கள் அதன் மீது கை வைக்காமல் இருந்ததற்காக நாம் கொடுக்கும் கூலி என்றுதான் நான் கொள்கிறேன். இன்னும் மலிவாகக் கிடைக்கும் வேறு ரைபிள்களை இன்று வாங்குவோர், இரம்பத்தை எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

விலை ஏற்றத்தில் சட்டத்தின் நாட்காட்டிக்கும் பங்கு உண்டு. அமெரிக்கச் சட்டப்படி, தன் அசல் வடிவில் இருக்கும் எந்தத் துப்பாக்கியும் ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததும் சேகரிப்புப் பழம்பொருள் ஆகிவிடும்; அதற்குரிய உரிமம் மூன்றாண்டுக்கு 30 டாலர்தான். அந்த உரிமம் உள்ளவர், வேறு மாநிலத்தில் இருந்தும் அத்தகைய ரைபிளைத் தன் வீட்டு முகவரிக்கே நேராக வரவழைக்கலாம், வாங்குவதையும் விற்பதையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. என் 1967ஆம் ஆண்டு ரைபிள் 2017இல் அந்த வகைக்குள் வந்தது. 1970களின் நடுப்பகுதி வரை 2ஏ1 செய்யப்பட்டதால், ஆண்டுக்கு ஆண்டு ஒரு தொகுதி அந்தக் கோட்டைத் தாண்டி, நாடு முழுவதும் உள்ள சேகரிப்பாளர்களின் கைக்கு எட்டும் பொருளாக மாறியது. வாங்க முடிந்தவர்களின் எண்ணிக்கை கூடியது, ரைபிள்களின் எண்ணிக்கை கூடவில்லை. வெட்டிக் குறுக்கிய ரைபிளுக்கு அசல் வடிவம் இல்லை என்பதால் வயது மட்டும் கொண்டு இந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் ஏற்றம் உண்மையானதே. 2004இல் என் நண்பர் கொடுத்த 129 டாலர் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 215 டாலர் ஆகும். அதாவது பொருளின் உண்மை விலை மூன்று மடங்கு. இதைக் கேட்டதும் முதலீடாக வாங்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். பராமரிப்பு, பாதுகாப்புப் பெட்டி, அளவு பார்க்கும் கூலி, விற்கும்போது கழியும் தரகு எல்லாம் சேர்ந்தால் வங்கி வைப்பே மேல் என்று தோன்றும். தங்கம் வாங்குவது போல இதை வாங்குகிறவர்கள், அடுத்த இறக்குமதித் தொகுதி ஒன்று வந்தால் விலை சரியும் என்ற அச்சத்திலேயே இருப்பார்கள். எத்தியோப்பியா போன்ற நாடுகளின் பழைய கிடங்குகளிலிருந்து ரைபிள்கள் வந்து இறங்கியதை அண்மைக் காலத்திலும் பார்த்தோம்.

வாங்க விரும்புவோர் சந்தையில் ரைபிளைக் கையில் எடுத்ததும் முதலில் போல்ட்டின் கைப்பிடியில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் விலையைக் குறையுங்கள். எண் அரைத்து மீண்டும் பொறிக்கப்பட்டது போலத் தோன்றினால் வைத்துவிட்டு நகருங்கள். முன்கட்டையின் பின்முனையை விரல் நகத்தால் தடவுங்கள், மெழுகு இருந்தால் நகத்தில் ஒட்டும். அதை அன்று நான் செய்திருந்தால் எண்பது டாலராவது குறைத்திருப்பேன். குழலின் உள்ளே விளக்கொளி பாய்ச்சிப் பாருங்கள். சுடுவதற்கு முன்னால், தோட்டா அறைக்குள் எவ்வளவு தளர்வாக உட்காருகிறது என்பதைத் துப்பாக்கிப் பழுதாளரிடம் காட்டி அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு 45 டாலர் ஆயிற்று, கண்ணுக்கும் கைக்கும் வரக்கூடிய ஆபத்தை நினைத்தால் அது மலிவு.

தோட்டாவைப் பற்றி ஒரு சொல். .308 வின்செஸ்டர் என்று கடையில் விற்கும் வேட்டைத் தோட்டாவும் 7.62 நேட்டோவும் வெளி வடிவில் ஏறத்தாழ ஒன்றுதான். அறை அளவின் தரமும் அழுத்தத்தின் தரமும் வேறு. நான் தோட்டாவின் அடியில் வட்டத்துக்குள் சிலுவைக் குறி இட்ட நேட்டோ தோட்டாக்களை மட்டுமே இதில் சுடுகிறேன், கூடுதல் விசை உள்ள வேட்டைத் தோட்டாக்களைத் தொடுவதில்லை. காலியான உறைகளை மீண்டும் நிரப்புகிறவர்கள், பின்புறப் பூட்டு உள்ள இந்த உடலில் உறைகள் விரைவில் நீண்டு பலவீனமாகும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்த ரைபிளைத் தனியாராக வாங்கும் வழி இல்லை. .303உம் 7.62 நேட்டோவும் அங்கே தடைசெய்யப்பட்ட அளவுகள். உரிமம் உள்ளவர்களுக்காக அதே இஷாப்பூரில் செய்யப்பட்ட .315 வேட்டை ரைபிளின் போல்ட்டை இழுத்துப் பார்த்தவர்கள், நான் மேலே சொன்ன வேகத்தை ஓரளவு உணர்ந்திருப்பார்கள், ஏனெனில் அதுவும் இந்தக் குடும்பத்தின் பிள்ளைதான். காவல்துறையில் இந்தக் குடும்பம் மிக நெடுங்காலம் நின்றது. 2008 நவம்பரில் மும்பை சத்ரபதி சிவாஜி இரயில் நிலையத்தில் ஏ.கே. துப்பாக்கி ஏந்தி வந்தவர்களை எதிர்கொண்ட காவலர்களில் சிலரின் கையில் இருந்தது .303தான். உத்தரப் பிரதேசக் காவல்துறை அதை 2020 குடியரசு நாளில்தான் விடைகொடுத்து அனுப்பியது. ஒரு நல்ல ரைபிளை அதன் காலம் முடிந்த பின்னும் காவலர் கையில் விட்டு வைத்ததற்கான விலையை அந்த மும்பைக் காவலர்கள் கொடுத்தார்கள். சேகரிப்பாளரின் அலமாரியில்தான் இது இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனாலும்தான்.

640 டாலர் தகுமா? கட்டை முழுதாக, எண்கள் பொருந்தி, கழுத்துப் பட்டையின் பொறிப்பு தெளிவாக இருந்தால் தகும். நான் வாங்கிய நிலையில் இருந்ததற்கு 520க்கு மேல் கொடுத்திருக்கக் கூடாது. சுடுவதற்கு மட்டும் ஒரு ரைபிள் வேண்டுமானால், இதே தொகைக்குக் கடையில் கிடைக்கும் புதிய வேட்டை ரைபிள் துல்லியத்திலும் எடையிலும் இதைவிட மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2ஏ1ஐ வாங்குகிறவர், அந்தச் சிங்கத்துக்கும் அந்த ஆண்டுக்கும் அந்தப் போல்ட்டுக்கும் பணம் கொடுக்கிறார். நான் இப்போது தேடிக்கொண்டிருப்பது இதன் அண்ணனை, தகட்டில் 2000 என்ற அளவு இருக்கும் முந்தைய 2ஏவை. சென்ற மாதம் ஒன்றைப் பார்த்தேன், 900 டாலர் கேட்டார்கள். முன்கட்டையின் பின்முனையை நகத்தால் தடவிப் பார்த்தேன், மெழுகு ஒட்டியது, வைத்துவிட்டு வந்துவிட்டேன்.